மறு: நிறமாலைகாட்டியா, நிறமாலைநோக்கியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டை ஞாயிறு வகுப்பில் பிள்ளைகள் செய்துவரும், ஒளியை நிறங்களாகப் (நிறமாலையாக) பிரித்துப் பார்க்கும் பெட்டிக்கு 'நிறமாலைகாட்டி' என்ற பெயரே போதும் என்று ஐயா எழுதியிருந்தார். மின்னூட்டத்தைக் காட்டுவது நிலைமின்காட்டி, நிறமாலையைக் காட்டுவது இது என்பது அவர் வாதம். வலுவான வாதம்தான். ஆனாலும் நான் 'நிறமாலைநோக்கி' பக்கம் நிற்கிறேன்.

வேதியியல் பாடத்தில் 'நிறங்காட்டி' ஏற்கெனவே இருக்கிறது. லிட்மஸ், பினாப்தலீன் எல்லாம் நிறங்காட்டிகள். நாம் வைக்கும் பெயரைப் பிள்ளைகள் பேச்சில் சுருக்கினால் நேராக அங்கே போய் விழும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நிலைமின்காட்டியின் மெல்லிய உலோக இலைகள் விரிவதைச் சுற்றி நிற்கும் எல்லாரும் பார்க்கலாம். நம் பெட்டியிலோ கண்ணை வைப்பவருக்கு மட்டும்தான் நிறமாலை தெரியும். அப்படிக் கண் வைத்துப் பார்க்கிற கருவிகளைத் தொலைநோக்கி, நுண்ணோக்கி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இதுவும் அந்த வரிசையில் சேரட்டும்.

வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தன்று குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென், மசூலிப்பட்டினத்தில் மெட்ராஸ் வானாய்வகத்தின் பாக்சன் இருவரும் சூரிய விளிம்பில் எழும் சுடர்களின் ஒளிக்கோடுகளை இந்த வகைக் கருவியில் கண் வைத்துத்தான் பார்த்தார்கள். ஹீலியம் என்ற தனிமம் கண்டறியப்பட்ட கதை அந்தக் கோடுகளில்தான் தொடங்குகிறது.

'நிறமாலைமானி' என்று பெயர் வைக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: மானி என்றால் அளக்க வேண்டும். பள்ளி ஆய்வகத்து நிறமாலைமானியில் வெர்னியர் அளவுகோல் இருக்கிறது, கோணத்தை அளக்கலாம். நம்முடையது அட்டைப்பெட்டி. ஒரு முனையில் இரண்டு சவர பிளேடுகளை விளிம்போடு விளிம்பு நெருக்கி ஒட்டிய பிளவு. மறுமுனையில் பர்மா பஜாரில் வாங்கிய டிவிடியின் ஒரு துண்டு. டிவிடி என்பது 0.6 மி.மீ. தடிப்புள்ள இரண்டு வட்டுகளை ஒட்டியது. விளிம்பில் கத்தி நுனியை நுழைத்து மெல்லத் திருப்பினால் இரண்டாகப் பிரியும். வெள்ளிநிறப் பூச்சு மிச்சம் இருந்தால் செல்லோடேப் ஒட்டி உரிக்கலாம். கையில் நிற்பது கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு தகடு, அதுதான் நம் கீற்றணி: நெருக்கமான தடங்களால் ஒளியை நிறங்களாகப் பிரிப்பது. சிடியில் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர், டிவிடியில் 0.74. தடம் நெருங்கினால் நிறங்கள் அகலமாக விரியும், அதனால்தான் டிவிடி.

சிஎஃப்எல் விளக்கை நோக்கிப் பிடித்தால் பச்சைக் கோடு கத்தி மாதிரி நிற்கிறது. அது பாதரசத்தின் கோடு, அலைநீளம் 546 நானோமீட்டர். நீலத்தில் இன்னொன்று, 436. எல்இடி பல்பில் கோடே இல்லை: நீலத்தில் ஒரு மேடு, அப்புறம் ஒரு மங்கல், அதைத் தாண்டிப் பச்சை முதல் சிவப்பு வரை ஒரே விரிப்பு. அடுப்புச் சுடரில் உப்புத்தூள் தூவினால் சோடியத்தின் மஞ்சள், 589-இல்.

இதே பெட்டி பெயர் மாறுவதையும் பாருங்கள். கண் வைத்தால் நோக்கி. கண் இருந்த இடத்தில் கைப்பேசியைப் பொருத்திப் படம் பிடித்தால் 'நிறமாலைவரைவி'. அந்தப் படத்தில் 436, 546 இரண்டு கோடுகளும் எந்தப் புள்ளியில் விழுகின்றன என்று குறித்து, இடைவெளியைப் பங்கிட்டு அளவுகோல் போட்டால், அப்போது தாராளமாக மானி என்று சொல்லலாம். மூன்று சொல்லும் வேண்டும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால், தான் பார்க்கிறோமா, பதிகிறோமா, அளக்கிறோமா என்பது பிள்ளைக்கே குழம்பும்.

பிளவு, கீற்றணி என்ற சொற்கள் இரண்டும் பாடநூலில் உள்ளபடியே இருக்கட்டும். பெட்டியோடு தரும் கையேட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: சூரியனை நேராக நோக்காதே, வெள்ளைச் சுவரில் பட்ட வெயிலைப் பார். 'நோக்கி' என்று பெயர் வைத்த பிறகு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவை.

ஐயாவுக்கு இதில் மறுப்பு இருந்தால் கையேடு அச்சுக்குப் போவதற்குள் எழுதுங்கள். பாதரசம், சோடியம் தருவது போன்ற உமிழ்வுக் கோட்டுக்கு 'ஒளிர்கோடு' என்ற பெயர் சரிவருமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.