மறுமொழி: ‘திறந்தவெளி அருங்காட்சியகம்’ வேண்டாம், ‘நடவூர்’ என்போம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். மூன்று நாளாக இந்தக் கலைச்சொல் உரையாடல் இழையைப் படித்து வருகிறேன். பழைய வீடுகளையும் கடைகளையும் அவை இருந்த ஊரில் பிரித்தெடுத்து, வேறோர் இடத்தில் மறுபடி எழுப்பி, மக்கள் உள்ளே போய்ப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்களே, அந்த இடத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்பதுதான் கேள்வி. வழக்கிலுள்ள சொல்லே போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார்:

> திறந்தவெளி அருங்காட்சியகம் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. புரிகிற சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

எனக்குப் புரியவில்லை, ஐயா. அந்தச் சொல்லைக் கேட்டதும் புல்வெளியில் வரிசையாக நிறுத்திய கற்சிலைகளும் துருப்பிடித்த பீரங்கியும்தான் என் கண்ணில் தெரிகின்றன. கட்டடங்கள் தெரியவில்லை. 1891இல் ஆர்தர் ஹசேலியஸ் ஸ்டாக்ஹோமில் ‘ஸ்கான்சன்’ என்ற இத்தகைய காட்சியகத்தைத் திறந்த காலத்தில் காட்சியகம் என்றாலே கூடமும் கண்ணாடிப் பெட்டியும்தான். அதனால் இதற்கு ‘வெளிக்காற்றுக் காட்சியகம்’ என்று பெயர் வைத்ததில் சுவீடன்காரர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. அந்தக் காற்றை நாமும் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் சுமக்க வேண்டுமா? போலந்துக்காரர்களும் ஹங்கேரிக்காரர்களும் ‘ஸ்கான்சன்’ என்ற இடப்பெயரையே பொதுப்பெயராக எடுத்துக்கொண்டார்கள். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் சிறுபட்டணங்களின் வணிகர் வீடுகளையும் பட்டறைகளையும் கொண்டுவந்து சேர்த்து 1914இல் திறந்த காட்சியகத்துக்கு, ‘பழைய பட்டணம்’ என்று அவர்கள் மொழியிலேயே பெயர். ஒவ்வொருவரும் தமக்கு வாகான வழியைத் தேடியிருக்கிறார்கள்.

நம் வழி எது என்று சொல்லுமுன் ஒரு கடையைக் காட்ட வேண்டும்.

கோட்டாறு கம்போளத்தில் என் தாத்தாவுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. (சந்தையைக் கம்போளம் என்பது குமரி வழக்கு; கம்பளம் என்றும் சொல்வோம்.) கடைக்குக் கதவு கிடையாது, நிரைப்பலகைதான். கீழே வாசற்படியிலும் மேலே உத்திரத்திலும் காடி (நீளப் பள்ளம்) வெட்டியிருக்கும். காலையில் பலகைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி உருவிச் சுவரோரம் சாய்த்துவைக்க வேண்டும். இரவில் அதே வரிசையில் திரும்பச் செருகி, குறுக்கே இரும்புப் பட்டையைப் போட்டுப் பூட்ட வேண்டும். ஒவ்வொரு பலகையின் உட்புறத்திலும் உளியால் கொத்திய எண் உண்டு. ஏழாவதை எட்டாவது இடத்தில் செருகினால் ஏறாது. பள்ளி விட்டு வந்ததும் எனக்கு அதுதான் வேலை. கருப்பட்டிப் பிசுக்கும் தேங்காயெண்ணெயும் ஊறி அந்தப் பலகைகள் கறுத்துப் பளபளத்திருக்கும்.

கல்லாவில் ஒரு சக்கரப் பலகை கிடந்தது. திருவிதாங்கூர்ச் சக்கரம் மிகச் சிறிய நாணயம். 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். விரலால் எண்ணி முடியாது. வரிசை வரிசையாகக் குழி வெட்டிய பலகையில் ஒரு பிடியை அள்ளிக் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்காரும். மிச்சத்தை வழித்துவிட்டால் கணக்கு முடிந்தது. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு இணைந்து பல காலம் ஆன பிறகும் தாத்தா அதைத் தூக்கிப் போடவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அது வெறும் ஓட்டைப் பலகை. கல்லாவும் திண்ணையும் நிரைப்பலகையும் சூழ இருந்தால்தான் அது என்னவென்று விளங்கும். கடையைக் கடையாகவே காக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

அந்தக் கடை இன்று இல்லை. இடித்தபோது நான் ஊரில் இல்லை. ஏழாம் எண் பலகை ஒன்று மட்டும் என் வீட்டில் இருக்கிறது. மற்றவை எடைக்குப் போய்விட்டன. பழைய வீடுகளைப் பிரிக்கும் ஆசாரி ஒருவரிடம் பின்னர் பேசினேன். கூரைக் கழுக்கோலும் உத்திரமும் ஆணியில்லாமல் ஆப்பில் நிற்பவை, அடையாளம் எழுதிக் கழற்றினால் எங்கே வேண்டுமானாலும் திரும்பக் கூட்டலாம் என்றார். நாள்தோறும் பிரித்துக் கூட்டிய கடையை ஒரே ஒரு முறை முழுதாகப் பிரித்துக் கூட்ட ஆளில்லாமல் போயிற்று.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா காட்சியகத்தில் அந்த வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். வீடுகளை அந்தந்த ஊரில் பிரித்து, மரபுத் தச்சர்களையும் கொத்தர்களையும் கொண்டு திரும்ப எழுப்பினார்கள். நாஞ்சில் நாட்டுக்காரன் இதைப் பார்த்தால் என்ன சொல்வான்? நாற்றங்காலில் வேர் அறாமல் பறித்து, முடி கட்டி, சுமந்து போய் வேறு வயலில் நடுவதைக் கும்பப்பூப் போகந்தோறும் கண்டவன் இதையும் நடவு என்றே சொல்வான். ஆகவே என் முன்மொழிவு: நடவூர்.

‘நட’ என்பதை நடப்பதாக எடுத்துக்கொள்வார்களே என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். ‘நடவு’ என்று வகரத்தோடு வரும்போது அந்த மயக்கம் எழாது என்று நினைக்கிறேன். நல்ல கலைச்சொல் தனியாக நிற்காது, கிளை விடும். இடம்பெயர்த்து நட்ட கட்டடம் நடவுமனை. இருந்த இடத்திலேயே காக்கப்படுவது நிலைமனை. தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை அப்படிப்பட்டது. பழையதைப் பார்த்துப் புதிதாகக் கட்டியது படிமனை. இங்கிலாந்தின் பீமிஷ் காட்சியகப் பட்டணத்தில் நடவுமனையும் உண்டு, படிமனையும் உண்டு. ஆன்ஃபீல்டு பிளெய்ன் என்ற ஊரிலிருந்து பெயர்த்து வந்த கூட்டுறவுப் பண்டகசாலை நடவுமனை. பார்க்க வருகிறவருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லியே தீர வேண்டும். ‘திறந்தவெளி’ என்ற சொல்லிலிருந்து இதில் ஒன்றாவது பிறக்குமா?

கடைக்கான கட்டடத்துக்குப் ‘பீடிகை’ என்ற சொல்லை ஒருவர் எழுதியிருந்தார். சிலப்பதிகாரத்தில் ‘பீடிகைத் தெரு’ வருகிறது. மலையாளத்தில் பீடிக இன்றும் கடைதான். எங்கள் எல்லையில் காதுக்குப் பழகிய சொல், எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. ஆனால் மதுரையிலோ சேலத்திலோ ‘பீடிகை போடாதே’ என்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். மனமில்லாமல்தான் விடுகிறேன். வணிகத்தைக் கடை என்றும், அது நடந்த கட்டடத்தைக் கடைமனை என்றும் பிரித்துக்கொள்வோம்.

அகராதிக்கான வரைவு இது. நடவூர்: வெவ்வேறு ஊர்களின் பழைய வீடுகளையும் கடைமனைகளையும் தொழிற்கூடங்களையும் பிரித்துக் கொண்டுவந்து, அவற்றின் புழங்குபொருள்களோடு மீண்டும் எழுப்பிக் காட்டும் இடம்.

திருத்தம் இருந்தால் எழுதுங்கள். இன்னொரு உதவியும் வேண்டும். நிரைப்பலகை வரிசையில் கடைசியாகச் செருகுகிற, பூட்டு விழுகிற பலகைக்கு தாத்தா ஒரு தனிப்பெயர் சொல்வார். எனக்கு மறந்துவிட்டது. தக்கலை, குழித்துறை, குளச்சல் பக்கத்து நண்பர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து