1.022இல் நின்றுபோன ஸ்டவுட்

கேள்வி: டொராண்டோவில் வீட்டு பேஸ்மென்டில் ஸ்டவுட் (கறுப்பு பீர்) போட்டிருக்கிறேன். தொடக்க அடர்த்தி 1.060 (தண்ணீர் 1.000; சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற இது இறங்க வேண்டும்), எஸ்-04 என்ற உலர் பீர் ஈஸ்ட். அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் 1.022க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. வாளி மூடியில் வாயு வெளியேறும் ஏர்லாக்கில் குமிழியும் இல்லை. பேஸ்மென்டில் 14 டிகிரிதான். மறுபடி ஈஸ்ட் போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 14 டிகிரி இந்த ஈஸ்டுக்கு ரொம்பக் குளிர். எஸ்-04 சீக்கிரம் திரண்டு அடியில் படிகிற ரகம் வேறு. வாளியை 20 டிகிரி உள்ள அறைக்கு மாற்றி, மூடியைத் திறக்காமல் மெதுவாகச் சுழற்றி விடுங்கள். தயவுசெய்து குலுக்காதீர்கள். இந்தக் கட்டத்தில் ஆக்சிஜன் கலந்தால் ஈர அட்டைப்பெட்டி வாடை வரும், அப்புறம் அது போகவே போகாது.

இன்னொருவர்: மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) எத்தனை டிகிரி வெந்நீரில் ஊறவைத்தீர்கள்? 70 என்றால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை நிறைய மிஞ்சியிருக்கும். 1.020தான் முடிவு என்று விட்டுவிட வேண்டியதுதான்.

கேட்டவர்: 66தான்.

பதில்: சரி, அப்படியானால் குளிர்தான் காரணம். சூட்டிலும் நகராவிட்டால், தனி ஜாடியில் நன்றாகப் பொங்கிக்கொண்டிருக்கும் புது ஈஸ்டை ஊற்றுங்கள். உலர் ஈஸ்டை நேரே தூவினால் ஆல்கஹாலில் திணறும். அடர்த்தி இறங்காமல் நிலைக்கும் முன் பாட்டிலில் அடைக்காதீர்கள், உள்ளே வாயு சேர்ந்து கண்ணாடி வெடிக்கும்.