கோடையில் காரில் பிரான்ஸைச் சுற்றியவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கேட்டவர், சென்னை

வணக்கம். வரும் ஆகஸ்டில் அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு பிரான்ஸ் போகிறோம். பாரிஸில் கார் எடுத்து, லுவார் ஆற்றங்கரை அரண்மனைகள், தோர்தோன், புரோவான்ஸ், லியோன் என்று சுற்றிவிட்டுப் பாரிஸ் திரும்புவதாக இரண்டு வாரத் திட்டம். அப்பாவால் நெடுநேரம் உட்கார்ந்திருக்க முடியாது. அம்மா சைவம். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எங்கே தேடினாலும் கிடைத்துவிடுகிறது. வழியில் யாரைச் சந்தித்தீர்கள், என்ன நடந்தது என்பதைத்தான் கேட்க விரும்புகிறேன்.

பாரிஸ் புறநகரிலிருந்து

தம்பி, நாங்கள் பல ஆண்டுகளாக இங்கே வசிக்கிறோம். கோடை வந்தால் பிள்ளைகளோடு தெற்கே காரில் போவது எங்கள் வீட்டு வழக்கம். ஊர்களை முடிவு செய்வதற்கு முன்னால் நாட்காட்டியை எடுத்துச் சனிக்கிழமைகளைப் பாருங்கள்.

கிராமங்களில் வாடகைக்கு விடும் வீடுகளைக் கோடையில் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் கொடுப்பார்கள். ஜூலை விடுமுறைக்காரர்கள் வீடு திரும்புவதும் ஆகஸ்ட் விடுமுறைக்காரர்கள் கிளம்புவதும் ஒரே வார இறுதியில் நடக்கும். நாடே சாலையில் நிற்கும். 1975 கோடையில் நெரிசல் பல நூறு கிலோமீட்டருக்கு நீண்டதால்தான், அடுத்த ஆண்டே 'பிசோன் ஃபியூத்தே' என்ற அரசுச் சேவையைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் கொடுத்து நெரிசலை முன்கூட்டியே அறிவிக்கிறது. கறுப்பு நாளில் லியோனிலிருந்து தெற்கே இறங்கும் ஏ7 சாலைப் பக்கமே போகாதீர்கள். ஓர் ஆகஸ்ட் சனிக்கிழமை, வலான்ஸ் நகரைத் தாண்டியதும் எல்லா வண்டிகளும் நின்றுவிட்டன. வெயில் தாங்காமல் மக்கள் இறங்கி நிழல் தேடினார்கள். பக்கத்து வண்டியில் வந்த பெல்ஜியக் குடும்பத்தின் தண்ணீர் தீர்ந்துவிட்டது. எங்களிடம் இருந்த மோர்ப் புட்டியைக் கொடுத்தோம். உப்பும் கறிவேப்பிலையும் போட்ட மோரை அந்தப் பெரியவர் குடித்து முடித்து, செய்முறையை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு தெற்கே இறங்க எனக்குப் பிடித்த வழி கிளெர்மோன் ஃபெரான் ஊடாகப் போகும் ஏ75. மியோ பாலத்தைத் தவிர அந்தச் சாலையில் சுங்கம் கிடையாது. அதைவிட எனக்கு முக்கியம், அது மலைமேல் போகிற சாலை என்பது. வழியில் ஈஃபெல் நிறுவனம் கட்டி 1884இல் முடித்த கராபி ரயில் பாலம், ஆற்றின் மேல் செந்நிற வளைவாகத் தெரியும். ஓய்விடத்தில் நிறுத்தி இறங்கிப் பாருங்கள். மியோ பாலம் 2004 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதன் உச்சி 343 மீட்டர், ஈஃபெல் கோபுரத்தைவிட உயரம். மேலே ஓட்டிக் கடப்பதோடு நிறுத்திவிடாமல், கீழே தார்ன் ஆற்றங்கரைக்கும் ஒருமுறை இறங்கி அண்ணாந்து பாருங்கள். மேலே போகும்போது தெரியாத பிரம்மாண்டம் அங்கேதான் தெரிகிறது.

உங்கள் அம்மாவுக்காக ஒரு செய்தி. இந்தச் சாலைக்கு மேற்கே ஓப்ராக் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. அங்கே 'அலிகோ' செய்வார்கள்: மசித்த உருளைக்கிழங்கில் புதுப் பாலாடைக்கட்டி, வெண்ணெய், பூண்டு சேர்த்து, கரண்டியைத் தூக்கினால் நாடா போல் இழுபடும்வரை கிண்டுவது. வழக்கமாகப் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியோடு பரிமாறுவார்கள். ஒரு சிற்றூர் விடுதியில் என் மனைவி சைவம் என்று சொன்னதும், சமைத்த அம்மையாரே சட்டியோடு மேசைக்கு வந்து, அவர் தட்டுக்கு மேல் ஆளுயரம் இழுத்துக் காட்டி, போதும் என்று சொல்லும்வரை பரிமாறினார். அதே மனைவிக்குத் தோர்தோன் பக்கம் வாத்து இல்லாத உணவுப் பட்டியலைத் தேடுவது பெரும்பாடாக இருந்தது. அதனால் அங்கே சமையலறை உள்ள வீடாக எடுங்கள். கிளம்புவதற்கு முன் பாரிஸ் லாச்சப்பலில் நம் ஈழத்தவர் கடைகளில் அரிசிமா, பருப்பு, ஊறுகாய் எல்லாம் கிடைக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து

நாங்களும் பெற்றோருடன்தான் போனோம், ஜூலையில். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே வாங்கிவிடுங்கள். நம் உரிமத்தோடு சேர்த்து அதையும் கேட்கிறார்கள். தானியங்கி கியர் வண்டிக்கு முன்பதிவு செய்திருந்த எங்களுக்கு, வாடகை நிறுவனம் கைக்கியர் வண்டியைத்தான் தந்தது. சாலையின் வலப்பக்கம் ஓட்டிக்கொண்டு வலக்கையால் கியர் மாற்றப் பழக, என் கணவர் முதல் நாள் முழுவதும் சிறு சாலைகளில் மட்டுமே ஓட்டினார். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

வலப்புறமிருந்து வருபவருக்கே முதலிடம் என்ற விதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், சின்னச் சந்திலிருந்து வருகிற வண்டிக்கும் நாம்தான் நிற்க வேண்டும். தோர்தோன் பகுதியில் சார்லா நகருக்கு அருகே ஒரு கிராமத்தில், கல்வீடுகளுக்கு நடுவிலிருந்து ஒரு பழைய ரெனோ வண்டி வேகம் குறைக்காமல் வெளியே வந்தது. விதி தெரிந்திருந்ததால் இவர் நிறுத்திவிட்டார். ஓட்டிவந்த முதியவர் கையை உயர்த்தி நன்றி சொல்லிப் போனார். பின்னால் இருந்த அப்பாவுக்கு நெஞ்சு படபடப்பு அடங்கச் சிறிது நேரம் பிடித்தது. மஞ்சள் வைரக் குறி உள்ள சாலையில் முதலிடம் உங்களுக்கு. சிவப்பு விளிம்பிட்ட ஊர்ப்பெயர்ப் பலகையைத் தாண்டினால் எண் எதுவும் எழுதாமலே வேகம் 50தான். அதே பெயர் குறுக்குக் கோட்டோடு வரும்வரை அது பொருந்தும். இரண்டு வழிக் கிராமச் சாலைகளில் பொதுவாக 80, சில மாவட்டங்களில் மட்டும் 90.

மதிய உணவை இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு சிற்றூர்களில் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். ஞாயிறு மாலையும் திங்களும் பல கடைகள் திறப்பதே இல்லை. சார்லாவில் பெரிய சந்தை புதனும் சனியும். நாங்கள் புதன்கிழமை போனோம். வால்நட், பீச், ஆட்டுப்பால் சீஸ் என்று அம்மா பை நிறைய வாங்கினார். 'பொன்ஜூர்' சொல்லிவிட்டு விலை கேட்டால் முகம் மலர்கிறது. அம்மாவுக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல் அது. பழக்காரர் பீச் துண்டுகளை வெட்டி அம்மா கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

நான் எழுத வந்ததே இந்த நிகழ்ச்சியைத்தான். வண்டியில் உட்கார்ந்தே வந்ததில் அப்பாவின் ஒரு கால் வீங்கிவிட்டது. பச்சைச் சிலுவை விளக்கு எரிந்த மருந்துக்கடைக்குள் போனோம். கடையில் இருந்த பெண் மருந்தாளுநர் அப்பாவை நாற்காலியில் அமர்த்தி, இரத்த அழுத்தம் பார்த்து, காலை அழுத்திப் பார்த்துவிட்டு, எதையும் விற்காமல் நேராக மருத்துவரிடம் அனுப்பினார். தொலைபேசியில் நேரம் வாங்கிக் கொடுத்ததும் அவரே. இரத்த உறைவு இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. மறுநாள் நன்றி சொல்லப் போனபோது அப்பாவை அடையாளம் கண்டு, வெளியே வந்து கைகுலுக்கினார். பயணக் காப்பீடு எடுக்காமல் பெரியவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். நெடுஞ்சாலையில் அடிக்கடி வரும் ஓய்விடங்களில் மேசை, மரநிழல், கழிப்பறை உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி அப்பாவை நடக்க வையுங்கள்.

லியோனிலிருந்து

புரோவான்ஸில் லவண்டர் பார்க்கும் எண்ணம் இருந்தால், ஆகஸ்டில் வலான்சோல் போகாதீர்கள். ஜூலை நடுவிலேயே அங்கே அறுவடை தொடங்கிவிடும். வான்டூ மலைக்கு அருகில் இருக்கும் 'சோ' என்ற ஊர் உயரத்தில் இருப்பதால் அங்கே பூ தாமதம். ஆகஸ்ட் 15 அன்று லவண்டர் திருவிழாவும் உண்டு. முதல் வாரம் போனால் பூவும் கிடைக்கலாம். தெற்கே கோடையில் காட்டுத் தீ அபாயத்தைப் பொறுத்துக் காட்டுப் பகுதிகளை மூடிவிடுவார்கள். நாளை எது திறந்திருக்கும் என்பது முந்தின மாலைதான் தெரியும். நடைபயணம் என்றால் மாற்றுத் திட்டம் ஒன்று கையில் இருக்கட்டும்.

ஜூலையில் போகிறவர்களுக்காக இன்னொன்று. தூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் வழித்தடத்தை முந்தைய அக்டோபரிலேயே அறிவித்துவிடுகிறார்கள். வீரர்கள் வருவதற்குப் பல மணி நேரம் முன்பே சாலையை மூடிவிடுவார்கள். நாங்கள் ஒருமுறை ஒரு மலைக் கிராமத்தில் அப்படி நின்றோம். ஊரார் மேசையைச் சாலையோரம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் இரண்டு நாற்காலி வந்தது. விளம்பர வண்டிகள் தொப்பியும் மிட்டாயும் வீசிப் போக, என் மகள் உள்ளூர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து பொறுக்கினாள். வீரர்கள் ஒரு நிமிடத்துக்குள் பறந்துவிட்டார்கள். அந்த மதியத்துக்காக அடுத்த ஊரின் அரண்மனையை விட்டுக்கொடுத்ததில் எனக்கு மகிழ்ச்சியே.

கேட்டவர், சென்னை

அண்ணா, அக்கா, லியோன் நண்பர், எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் அந்த மருந்துக்கடை நிகழ்ச்சியை வாசித்துக் காட்டினேன். பாரிஸில் இறங்கியதும் கார் எடுப்பது சரியா? இத்தனை ஊர்களை வைத்துக்கொள்ளலாமா?

பாரிஸ் புறநகரிலிருந்து

பாரிஸுக்குள் கார் வேண்டாம், தம்பி. பெரும்பாலான தெருக்களில் வேகம் 30தான், நிறுத்த இடமும் கிடைக்காது. மெட்ரோவில் சுற்றிவிட்டு, அதிவேக ரயிலில் தூர் நகருக்குப் பக்கத்தில் சேன் பியேர் தெ கோர் நிலையத்தில் இறங்குங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே கார் எடுத்தால் ஷெனோன்சோ, அம்புவாஸ் அரண்மனைகள் அருகிலேயே. அங்கிருந்து ஏ20 வழியாகத் தோர்தோன் இறங்குங்கள். வியர்சோனிலிருந்து பிரீவ் வரை அதில் சுங்கம் இல்லை. பிறகு ரொக்கமதூர், மியோ, நீம் பக்கத்தில் ரோமானியர் கட்டிய போன் தியு கார் நீர்ப்பாலம், அவிஞோன். அவிஞோன் அதிவேக ரயில் நிலையத்தில் காரைக் கொடுத்துவிட்டு, ரயிலில் லியோனும் பாரிஸும் போய்விடுங்கள். வேறு ஊரில் காரைத் திருப்பிக் கொடுக்க எவ்வளவு கட்டணம் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். தங்குமிடம் மூன்றே போதும்: அம்புவாஸ், சார்லா, அவிஞோன். மியோவை மட்டும் வழியில் ஓர் இரவாக வைத்துக்கொள்ளலாம். சார்லா வீட்டை இப்போதே பிடியுங்கள். ஆகஸ்டுக்கு அங்கே முதலில் தீர்ந்துபோவது வீடுகள்தான். ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகையின் மறுபடைப்பைப் பார்ப்பதென்றால் அதற்கும் நேரம் குறித்து டிக்கெட் எடுத்துவிடுங்கள்.