கண்டிஷனாலிட்டி: நிபந்தனையா, தளையா, சிறுதாம்பா?

கா., கோயம்புத்தூர் — திங்கள் காலை

அன்புடையீர், வணக்கம். இளங்கலை மாணவர்களுக்கான இந்தியப் பொருளாதார வரலாற்று நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வரும் வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டிய இயல் 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்ட கதையைச் சொல்வது. ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது அன்று 7.50 ரூபாய் ஆயிற்று. அதற்கு முன் உலக வங்கி பெர்னார்டு பெல் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. அக்குழு நாணய மதிப்பைக் குறைக்கவும், இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தவும், வேளாண்மைக்கு முதலிடம் தரவும் பரிந்துரைத்தது. 1965 செப்டம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரையொட்டி அமெரிக்கா நிறுத்திவைத்த உதவி மீண்டும் வரவேண்டுமானால் இவையெல்லாம் நடந்தாக வேண்டும் என்பது தில்லியில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

என் இடர்ப்பாடு இதுதான். 'கண்டிஷன்' என்பதற்கு நிபந்தனை என்று எழுதிவிட்டேன். ஆனால் 'கண்டிஷனாலிட்டி' என்பது ஒரு தனி நிபந்தனையைக் குறிக்காமல், கடனை முன்னிறுத்தி இன்னொரு நாட்டின் கொள்கையை வளைக்கும் முறையையே குறிக்கிறது. மூலத்தில் ஒரே வாக்கியத்தில் இரண்டும் வருகின்றன: எழுதப்பட்ட நிபந்தனை எதுவும் இல்லை, ஆயினும் இது முழுக்க முழுக்க மற்றதுதான் என்கிறார் ஆசிரியர். இரண்டுக்கும் நிபந்தனை என்றே எழுதினால் வாக்கியம் தன்னையே மறுத்துவிடும். கூடவே, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன் ஆட்சியின் கோதுமைக் கொள்கைக்கு வழங்கிய 'ஷார்ட் டெதர்' (குட்டையான கட்டுக்கயிறு) என்ற பெயருக்கும் ஒரு தமிழ் வேண்டும்.

ந., சென்னை — திங்கள் மாலை

அம்மா, முப்பது ஆண்டுகள் வங்கியில் கடன் பத்திரங்களோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நிபந்தனை என்ற சொல் கடைநிலை ஊழியரிலிருந்து கடன் வாங்க வந்த விவசாயி வரை எல்லாருக்கும் புரியும். முறையைக் குறிக்க வேண்டுமானால் 'நிபந்தனை விதிப்பு' என்று எழுதுங்கள், வேலை முடிந்தது. கடன் கொடுப்பவன் தன் பணம் திரும்பி வருமா என்று பார்ப்பது இயல்பு. அதற்குக் கண்டனத் தொனியுள்ள ஒரு சொல்லைப் படைத்தால், மாணவன் பாடத்தைப் படிப்பதற்கு முன்பே தீர்ப்பைப் படித்துவிடுவான்.

பேரா. வே., கும்பகோணம் — செவ்வாய் காலை

நண்பர் ந. அவர்கள் எளிது என்று நீட்டும் சொல்லின் வயிற்றைச் சற்றுக் கீறிப் பார்ப்போம். நிபந்தனை என்பது 'நிபந்தன' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம், அதன் வேர் கட்டுதல் என்னும் பொருளது. அதே வேரிலிருந்து வந்த நிவந்தம் என்னும் சொல் சோழர் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விடப்பட்ட அறக்கட்டளையைக் குறிக்கிறது. இன்ன விளக்குக்கு நெய், இன்ன நாளில் திருவமுது என்று கொடுத்தவனே குறித்துவிடுவான், பெற்றவர் வேறொன்றுக்குச் செலவிட இயலாது. நம் கோயில்களில் அதற்குத் தூய தமிழில் இன்றும் வழங்கும் பெயர் கட்டளை. ஒரே சொல் ஆணையையும் கொடையையும் குறிப்பதைக் கவனியுங்கள். கடனைக் கொடுத்து ஆணையும் இடுவதற்கு 'கட்டளைக்கடன்' என்பதைவிடப் பொருத்தமான பெயர் எந்த மொழியில் கிடைக்கும்?

கட்டளை வேண்டாமெனில் தளை இருக்கிறது. தளை என்றவுடன் கால்விலங்கை மட்டும் நினைக்க வேண்டா. யாப்பில் நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் பொருந்துவதே தளை. பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) கடனை ஒரே முறையில் தருவதில்லை. ஒரு தவணை, பிறகு மீளாய்வு, அது நிறைவளித்தால் அடுத்த தவணை என்றே தருகிறது. நின்ற தவணையின் ஈறு வருந்தவணையின் முதலோடு பொருந்தினால்தான் அடி நகரும். பொருந்தாமல் திட்டம் இடைநின்றால் 'தளை தட்டியது' என்று சொல்ல நம்மிடம் தொடரே இருக்கிறது. ஆகவே முறைக்குத் 'தளையீடு', அத்தகைய கடனுக்குத் 'தளைக்கடன்'.

ந., சென்னை — செவ்வாய் மாலை

பேராசிரியர் ஐயா, தளை தட்டுவதை நான் மிகவும் சுவைத்தேன், ஆனால் வணிகவியல் மாணவருக்குத் தளை தெரிந்திருக்கும் என்ற தங்கள் நம்பிக்கையைப் பகிர இயலவில்லை. மேலும், கொடுக்கும் நாட்டிலேயே சரக்கு வாங்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டுடன் வரும் உதவிக்கு 'டைட் எய்டு' என்று தனிப்பெயர் உண்டு. அமெரிக்கா பி.எல். 480 சட்டத்தின்கீழ் அனுப்பிய தானியத்தில் குறைந்தது பாதி அமெரிக்கக் கப்பல்களிலேயே வர வேண்டும் என்ற விதி அந்த வகையைச் சேர்ந்தது. தளைக்கடன் என்ற சொல்லை அதற்குத்தான் ஒதுக்கி வைக்க வேண்டும். சரக்கை எங்கே வாங்குவது என்பது வேறு, நாட்டின் நாணயத்துக்கு என்ன விலை என்பது வேறு. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டினால் குழப்பமே மிஞ்சும்.

கட்டளைக்கடன் வேண்டவே வேண்டாம். மாணவன் அதை அறக்கட்டளை கொடுத்த கடன் என்று படிப்பான்.

யா., யாழ்ப்பாணம் — செவ்வாய் இரவு

வணக்கம். எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் இந்த விவாதம் நடைபெறுவதே இல்லை. சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகள் என்று தினமும் எழுதுகிறார்கள், தினமும் வாசிக்கிறோம். ஆனாலும் கா. அக்கா சொல்லும் இடர்ப்பாடு உண்மையானது என்பதைப் பொருளியல் வகுப்பு எடுப்பவன் என்ற வகையில் ஒப்புக்கொள்கிறேன்.

2023 மார்ச் 20 அன்று இலங்கைக்கு ஏறத்தாழ 300 கோடி டொலர், 48 மாதத் திட்டம் ஒன்றுக்கு நிதியம் ஒப்புதல் அளித்தது. அது எங்களுடைய பதினேழாவது திட்டம். ஒப்புதலுக்கு முந்திய மாதமே மின்கட்டணம் உயர்த்தப்பட்டுவிட்டது. பணம் வருவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டியவை ஒரு வகை. வட்டிச் செலவை ஒதுக்கிவிட்டுப் பார்க்கும் வரவுசெலவு மிகை 2025 முதல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதமாக இருக்க வேண்டும் என்பது போன்ற எண் இலக்குகள் இன்னொரு வகை. சட்டம் இயற்றுதல், நிறுவனங்களைத் திருத்துதல் மூன்றாவது வகை. மாணவர்களிடம் மூன்றையும் நிபந்தனை என்று சொல்லிவிட்டு, இவற்றையெல்லாம் சேர்த்து இயக்கும் பொறியை என்னவென்று சொல்வது என்று ஒவ்வோர் ஆண்டும் திணறுகிறேன்.

ந. ஐயா தீர்ப்பில்லாத சொல் வேண்டும் என்கிறார். ஒப்பந்தத்தில் நிபந்தனை இரு தரப்பையும் கட்டும். இங்கே ஒரு தரப்பு மட்டுமே கட்டுப்படுகிறது. நிதியத்தில் முக்கியமான முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு தேவை, அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, எனவே அது விரும்பாத அத்தகைய முடிவு எதுவும் அங்கே நிறைவேறாது. கயிற்றின் மறுமுனை யார் கையில் என்பதை மறைக்கிற சொல்லும் ஒரு தீர்ப்புத்தானே?

ரா., திருவரங்கம் — புதன் காலை

கயிறு என்று யா. அவர்கள் எழுதியதும் எனக்கு வாய் திறக்க இடம் கிடைத்தது. 'ஷார்ட் டெதர்' என்பதை நாம் மொழிபெயர்க்கவே வேண்டியதில்லை, அது ஏற்கெனவே தமிழில் இருக்கிறது. மதுரகவியாழ்வார் பாசுரத்தின் முதலடியில் யசோதை கண்ணனைக் கட்டிய கயிறு 'கண்ணிநுண் சிறுத்தாம்பு'. முளையில் அடித்த கன்றுக்குத் தாம்பின் நீளமே மேய்ச்சலின் எல்லை. 1965-இன் நடுவில் பழைய கோதுமை ஒப்பந்தம் முடிந்த பிறகு நடந்தது அதுவேதான். ஆண்டுக்கணக்கான உறுதிமொழி போய், மாதக்கணக்கில், குடியரசுத் தலைவர் ஜான்சனே பார்த்து ஒப்புதல் தந்த பிறகு கோதுமைக் கப்பல்கள் புறப்பட்டன. 1966 ஜூலையில் இந்திரா காந்தி மாஸ்கோவில் அமெரிக்காவின் வியட்நாம் குண்டுவீச்சைப் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார், ஜான்சனின் சினத்தில் கப்பல்கள் தாமதித்தன. அந்த ஆண்டு நாம் இறக்குமதி செய்த தானியம் ஒரு கோடி டன் அளவு. வியட்நாமைப் பற்றிப் பேசக்கூடாது என்று எந்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது? ஆகவே முறை முழுவதற்குமே 'சிறுதாம்பு' என்று பெயரிடலாம் என்பது என் துணிபு.

அதையடுத்து வரும் சொற்கள் இன்னும் முக்கியமானவை: 'கட்டுண்ணப் பண்ணிய பெருமாயன்'. தன்னைக் கட்டும்படி அவனே செய்துகொண்டான். 1965 நவம்பரில் ரோம் நகரில் நம் பொள்ளாச்சிக்காரர், அன்றைய உணவு, வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியம் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஃபிரீமனுடன் வெளியில் சொல்லாமல் ஓர் உடன்பாடு செய்தார். வேளாண் முதலீட்டைக் கூட்டுவது, உரத் துறையில் அந்நிய முதலீட்டுக்குக் கதவைத் திறப்பது ஆகியவை அதில் இருந்தன. இவற்றில் பெரும்பகுதி அவரே விரும்பிய சீர்திருத்தம், அமைச்சரவையில் எதிர்ப்பு இருந்ததால் வெளியிலிருந்து வந்த கயிறு அவருக்குக் கைகொடுத்தது. 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்ததும் பசுமைப் புரட்சி தொடங்கியதும் அந்தக் கொள்கையின் தொடர்ச்சியே. எனவே கட்டியவனை மட்டும் காட்டும் சொல் பாதி உண்மையையே சொல்லும்.

பேரா. வே., கும்பகோணம் — புதன் மாலை

ரா. அவர்களின் பாசுர ஈடுபாட்டை வணங்குகிறேன், ஆனால் யசோதையின் அன்பையும் ஜான்சனின் கணக்கையும் ஒரே தாம்பில் கட்டுவது எனக்கு ஒவ்வவில்லை. கண்ணன் விரும்பினால் உரலையே இழுத்துக்கொண்டு போவான், பஞ்சத்தின் விளிம்பில் நின்ற நாடு எதை இழுக்கும்? மதிப்புக் குறைப்பை எதிர்த்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1965 டிசம்பர் முடிவில் நிதியமைச்சர் பதவியை விட்டு விலகினார். ஆட்சிக் கட்சியின் தலைவராக இருந்த காமராசருக்கும் அந்த முடிவில் உடன்பாடில்லை. ஆதரித்த தமிழர் சுப்பிரமணியம் ஒருவர், எதிர்த்த தமிழர் இருவர் என்னும்போது 'கட்டுண்ணப் பண்ணியவர்' யார் என்பது அத்தனை எளிய கேள்வியன்று.

இன்னொன்று. நாம் இதுவரை கயிற்றையே பேசினோம், கடனைப் பேசவில்லை. வறியார்க்கு ஒன்று ஈவதே ஈகை, மற்றவை குறியெதிர்ப்பை நீர என்கிறார் வள்ளுவர். குறித்த அளவில் வாங்கி அதே அளவில் திருப்பித் தருவது குறியெதிர்ப்பை. பெருஞ்சித்திரனார் புறநானூற்றில் அப்படிக் கடன் தந்த அண்டை வீட்டாருக்கும் பரிசிற்பொருளைப் பகிர்ந்து கொடுக்கச் சொல்கிறார். அந்தக் கடனில் அளவு மட்டுமே உண்டு, அண்டை வீட்டில் எந்தப் பானையில் எதைச் சமைக்க வேண்டும் என்று கொடுத்தவர் சொல்லவில்லை. எனவே பழந்தமிழில் கடன் இருந்தது, கண்டிஷனாலிட்டி இருக்கவில்லை. இல்லாத பொருளுக்குச் சொல் புதிதாகத்தான் வர வேண்டும். தளையீடு.

ந., சென்னை — புதன் இரவு

ஐயா, குறியெதிர்ப்பையை வைத்தே என் பக்கத்தையும் வாதிட முடியும். அண்டை வீட்டார் ஒரு நாழி அரிசி தந்தார்கள், உலக வங்கி ஒருங்கிணைத்த, உதவி தரும் நாடுகளின் கூட்டமைப்போ மதிப்புக் குறைப்புக்குப் பிந்திய முதல் ஆண்டுக்கு 90 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. அளவு மாறினால் கேள்விகளும் மாறும். ஆனால் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். அந்த அளவு உதவி பல ஆண்டுகள் தொடரும் என்ற நம்பிக்கையில்தான் தில்லி ரூபாயைக் குறைத்தது, அடுத்தடுத்த ஆண்டுகளில் உதவி தேய்ந்துபோயிற்று. குறைத்த ரூபாயை யாரும் திரும்ப ஏற்றவில்லை. வாங்கியவர் சொன்னதைச் செய்து முடித்த பிறகு கொடுப்பவர் சொன்னதைச் செய்யாமல் விட்டால் கேட்க ஆளில்லாத ஏற்பாட்டை, எங்கள் கிளையில் நிபந்தனை என்று நாங்கள் எழுதியிருக்க மாட்டோம். சொல்லை மாற்ற வேண்டும் என்பதை இந்த ஒரு காரணத்துக்காக ஏற்கிறேன், தளையீட்டை ஏற்கவில்லை.

கா., கோயம்புத்தூர் — வியாழன் இரவு

பெரியோர் அனைவருக்கும் நன்றி. காலையில் தளையீடு என்று இயல் முழுவதும் போட்டுப் பார்த்தேன். பதிப்பாசிரியர் தொலைபேசியில் அழைத்து, இது அச்சுப்பிழையா, முதலீடு என்று இருக்க வேண்டுமா என்று கேட்டார். கட்டளைக்கடனைச் சொல்லும் துணிவு அதன் பிறகு எனக்கு வரவில்லை. ஆகவே தனிக் கூறுகளுக்கு நிபந்தனை என்றும், முறைக்குக் 'கடன்வழி நெருக்கல்' என்றும் வைத்துவிட்டேன். மூலத்தின் வாக்கியம் இப்போது 'எழுதப்பட்ட நிபந்தனை எதுவும் இல்லை, ஆயினும் அது கடன்வழி நெருக்கலே' என்று நிற்கிறது. அழகில்லை, ஆனால் தன்னை மறுக்கவில்லை. கோதுமைக் கொள்கைக்கு மட்டும் 'சிறுதாம்பு' என்று எழுதி, அடிக்குறிப்பில் கன்றையும் முளையையும் விளக்கியிருக்கிறேன். டைட் எய்டுக்குத் தளைக்கடன் நிற்கிறது, ந. ஐயா சொன்னபடியே.

யா., யாழ்ப்பாணம் — வெள்ளி காலை

அக்கா, நெருக்கல் என்றால் எங்கள் ஊர் மாணவர்களுக்குப் பேருந்து நெரிசல்தான் நினைவுக்கு வரும். ஆனாலும் இந்த ஆண்டு வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன்.

பேரா. வே., கும்பகோணம் — வெள்ளி மாலை

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், தளையீட்டைக் கைவிடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். அடிக்குறிப்பில் சிறுதாம்பு என்று ஒற்று மிகாமல் வந்திருப்பதாகத் தெரிகிறது. பாசுரத்தில் சிறுத்தாம்பு என்றே பாடம்.

ரா., திருவரங்கம் — வெள்ளி இரவு

பேராசிரியர் ஐயா, பாசுரத்தில் அது செய்யுள் நோக்கி வந்த விரித்தல் விகாரம். உரைநடையில் சிறுகதை, சிறுதொழில் என்பது போலச் சிறுதாம்பே சரி. கா. அவர்கள் திருத்த வேண்டியதில்லை.