முதல் வெப்சைட்: விக்ஸ், வேர்ட்பிரஸ், கூகுள் சைட்ஸ், இல்லாட்டி கையால எச்டிஎம்எல்? எங்கட குளங்களுக்கு எது சரிவரும்?

விசுவமடுப் பிள்ளை

வணக்கம் அண்ணாமார் அக்காமார். ஏ.எல். எழுதிப்போட்டு வீட்டில நிக்கிறன், கம்பஸ் போக முதல் ஒரு வெப்சைட் செய்து முடிக்கோணும் எண்டு சரியான ஆசை. விசயம் எங்கட வன்னிப் பக்கத்துக் குளங்கள். இரணைமடு எல்லாருக்கும் தெரியும், ஆனா உடையார்கட்டு, கல்மடு, முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, வவுனிக்குளம் எண்டு எத்தினை இருக்கு, தமிழில தேடினா கொஞ்சம்தான் வருது. ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு பக்கம், எந்த ஆத்துத் தண்ணி வருது, எந்த வயலுக்குப் பாயுது, தண்ணி திறந்துவிடுற துருசு எங்க இருக்கு, போட்டோ, பழைய ஆக்கள் சொல்லுற கதை, அதோட இப்ப தண்ணி எத்தினை அடி நிக்குது எண்டதும் போட ஆசை. அம்மப்பா கமக்காரர் அமைப்பில கனகாலம் இருந்தவர், ஆக்களிட்டக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லியிருக்கிறார்.

பிரச்சினை என்னெண்டா எதில செய்யிறது எண்டு தெரியேல்ல. விக்ஸில ஒருக்கா திறந்து பாத்தன், வடிவா இருக்கு, இழுத்து இழுத்து வைக்கலாம். மச்சாள் சொல்லுறா வேர்ட்பிரஸ் தான் உலகம் முழுக்க எண்டு. ஐசிடி எண்ட கணினிப் பாடம் படிச்சபடியா வெப் பக்கம் எழுதுற எச்டிஎம்எல், அதை வடிவாக்கிற சிஎஸ்எஸ் கொஞ்சம் தெரியும், சேவரில ஓடுற பிஎச்பியும் சோதினைக்குப் படிச்சது. லப்டொப் பழசு, 4 ஜிபி ராம், நெட் எண்டா போன் டேட்டா மட்டும்தான். காசு கட்ட கார்டும் இல்ல. இதுகளை வைச்சுக்கொண்டு எது நல்லம் எண்டு சொல்லுங்கோ, நான் கம்பஸ் போன பிறகும் அது நிண்டு பிடிக்கோணும், அதுதான் எனக்கு முக்கியம்.

பரந்தன் வெப்காரன்

தங்கச்சி நல்ல வேலை, கட்டாயம் செய்யுங்கோ. நான் கடையளுக்கும் சங்கங்களுக்கும் சைட் செய்து குடுக்கிறனான், அதால தெரிஞ்சதைச் சொல்லுறன்.

முதல்ல வேர்ட்பிரஸ். அந்தப் பேரில ரெண்டு சாமான் இருக்கு, கன பேர் அதில குழம்புறவை. ஒண்டு 2003 இல வந்த இலவச மென்பொருள், அதை நீங்களே டவுன்லோட் பண்ணி பிஎச்பியும் மைஎஸ்கியூஎல் எண்ட டேட்டாபேஸும் ஓடுற ஒரு ஹோஸ்டிங்கில, அதாவது சைட்டை வைக்க வாடகைக்கு எடுக்கிற இடத்தில, போடோணும், மென்பொருளுக்குக் காசில்ல ஆனா ஹோஸ்டிங்குக்கும் டொமைன் எண்ட சொந்த விலாசத்துக்கும் வருசா வருசம் கட்டோணும். மற்றது வேர்ட்பிரஸ் டொட் கொம் எண்ட கொம்பனி, அங்க கணக்குத் திறந்தாச் சரி, இலவசத் திட்டமும் இருக்கு, ஆனா அதில அவையின்ர விளம்பரம் வரும், இடம் 1 ஜிபி தான், மேலதிக வசதி தாற பிளகின் போட ஏலாது. உலகத்தில இருக்கிற சைட்டுகளில பத்தில நாலு வேர்ட்பிரஸ் எண்டுறது உண்மைதான், மச்சாள் பிழை சொல்லேல்ல. ஆனா அது அப்டேட், பிளகின், பாஸ்வேர்ட் எண்டு தொடர்ந்து பாக்க ஒரு ஆள் இருக்கிற இடத்துக்குத்தான் நல்லம். பாக்க ஆளில்லாமக் கிடந்த ஒரு சங்கத்தின்ர சைட்டைப் பிறகு என்னட்டக் கொண்டு வந்தவை, பழைய பிளகினுக்குள்ளால ஆரோ பூந்து பக்கம் முழுக்க சூதாட்ட லிங்க், துப்பரவாக்கவே எனக்குப் போதும் போதும் எண்டு ஆகிட்டுது.

விக்ஸ் வடிவுதான், இல்லையெண்டேல்ல. ஆனா இலவசமா வைச்சிருந்தா மேல அவையின்ர விளம்பரம் நிக்கும், உங்கட விலாசமும் விக்ஸ்சைட் எண்டுதான் வரும். அதைவிடப் பெரிய விசயம், விக்ஸில செய்த சைட்டை அப்பிடியே எடுத்துக்கொண்டு வேற இடத்தில கொண்டுபோய் வைக்க ஏலாது. ரெம்பிளேட்டையும் ஒருக்காத் தெரிஞ்சு வேலையைத் துவங்கினாப் பிறகு வேற ரெம்பிளேட்டுக்கு மாத்த விடாது, புதுசாத்தான் செய்யோணும். ஒரு கலியாணத்துக்கு, ஒரு விழாவுக்கு எண்டா விக்ஸ் எடுங்கோ எண்டு நானே சொல்லுவன். பத்து வருசம் நிக்கவேண்டிய விசயத்துக்குச் சொல்ல மாட்டன்.

துணுக்காய் ரீச்சர்

பிள்ளை, நான் ஐசிடி படிப்பிக்கிறன். உங்களுக்கு கூகுள் சைட்ஸ் காணும் எண்டுதான் நான் நினைக்கிறன், ஏனெண்டு சொல்லுறன். ஜிமெயில் இருந்தாச் சரி, காசில்ல, விளம்பரம் இல்ல, ஹோஸ்டிங் எண்டு ஒண்டைத் தேடத் தேவையில்ல, பழைய லப்டொப்பில பிரவுசருக்குள்ளயே ஓடும். எல்லாத்துக்கும் மேல, இன்னும் ரெண்டு மூண்டு பேரை எடிட் பண்ணவும் சேர்த்துவிடலாம், அமைப்பின்ர செயலாளர், உங்கட தம்பி, ஆரெண்டாலும். நீங்கள் நாளைக்கு மொறட்டுவையோ வவுனியாவோ போயிட்டா இஞ்ச நிக்கிறவை கொண்டு நடத்தோணும் எல்லோ. எச்டிஎம்எல் தெரிஞ்ச ஆள் ஊரில ஆர் இருக்கினம்?

குறையும் சொல்லோணும். வடிவமைப்பில அது விட்ட அளவுக்குள்ளதான் நிக்கலாம், எல்லாச் சைட்டும் ஒரே சாயல். போனில எடிட் பண்ணுறது கஷ்டம், லப்டொப் வேணும். அப்பிடிப் பாத்தா பிளாக்கரும் யோசிக்கலாம், 1999 இல துவங்கி 2003 இல கூகுள் வாங்கினது, இண்டைக்கும் இலவசமா ஓடுது, எழுதினது எல்லாத்தையும் ஒரு பைலா பக்கப் எடுத்து வைக்கலாம். ஆனா அது திகதிப்படி அடுக்குற பிளாக், குளத்துக்குக் குளம் நிரந்தரப் பக்கம் வைக்கிறதுக்கு அவ்வளவு வசதியில்ல.

இன்னொண்டு. நீங்கள் எந்தக் கருவி எடுத்தாலும் எழுதுறதை முதல்ல உங்கட லப்டொப்பில ஒரு போல்டருக்குள்ள, குளத்துக்கு ஒரு பைல் எண்டு எழுதி வையுங்கோ. சைட் இண்டைக்கு இஞ்ச இருக்கும் நாளைக்கு வேற இடம் மாறும், அம்மப்பாவோட போய்க் கேட்டு எழுதின கதை திரும்பிக் கிடைக்காது. அந்த ஆக்களுக்கெல்லாம் வயசு போகுது பிள்ளை, கருவி தேடிற நேரத்தில முதல் அவையிட்டப் போங்கோ, குரலையும் போனில பதிஞ்சு வையுங்கோ, அனுமதி கேட்டுத்தான்.

விசுவமடுப் பிள்ளை

ரீச்சர் அது சரியான கதை, நாளைக்கே அம்மப்பாவோட கதைக்கிறன். நன்றி அண்ணா, விக்ஸை விட்டிட்டன். இன்னொரு சந்தேகம், அமைப்பில பழைய அறிக்கையள் வேர்ட் பைலா இருக்கு, பாமினி எண்ட பழைய தமிழ் பொன்டில அடிச்சது. அதை ஒரு பக்கத்தில கொப்பி பண்ணிப் போட்டுப் பாத்தா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா வருகுது, ஒண்டும் விளங்கேல்ல. பொன்டை அப்லோட் பண்ணினாச் சரிவருமோ? கையால எச்டிஎம்எல் எழுதுறதைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல, அது இந்தக் காலத்தில தேவையில்லாத வேலையோ?

வவுனியா கம்பஸ் பெடியன்

தேவையில்லாத வேலை இல்ல, நான் அதைத்தான் சொல்ல வந்தனான். முதல் பாமினிக்கு வாறன். பாமினியில அடிச்ச பைலுக்குள்ள உண்மையில தமிழ் எழுத்தே இல்ல, உள்ளுக்குக் கிடக்கிறது இங்கிலீஷ் கீபோட் எழுத்து, பொன்ட்தான் அதுக்குத் தமிழ் முகம் குடுக்குது. பொன்டை அப்லோட் பண்ணினாக் கண்ணுக்குத் தமிழாத் தெரியும், ஆனா கூகுளில ஆரும் முத்தையன்கட்டு எண்டு தேடினா உங்கட பக்கம் வராது, பார்வை குறைஞ்ச ஆக்கள் வாசிக்க வைச்சுக் கேக்கவும் ஏலாது. அதால யூனிகோட் எண்ட, எல்லா மெசினும் தமிழாவே விளங்கிற எழுத்து முறைக்கு மாத்தித்தான் போடோணும், பாமினியில இருந்து யூனிகோடுக்கு மாத்துற இலவசப் பக்கங்கள் இருக்கு, தேடினா வரும். மாத்தினாப் பிறகு ஒருக்கா வடிவா வாசியுங்கோ, இடையில வாற இலக்கமும் இங்கிலீஷ் சொல்லும் சேர்ந்து குழம்பும், அறிக்கையில ஏக்கர் கணக்கு அடி கணக்கு இருந்தா அதுதான் முதல்ல பாக்கவேண்டியது.

இப்ப எச்டிஎம்எல். 1991 இல டிம் பேர்னர்ஸ் லீ போட்ட முதல் வெப்சைட்டின்ர பக்கங்கள் இண்டைக்கும் எந்தப் பிரவுசரிலயும் திறக்குது, அதுக்குப் பிறகு வந்த எத்தினையோ சைட் செய்யிற கொம்பனியள் இல்லாமப் போயிட்டுது. வெறும் எச்டிஎம்எல் பைலுக்கு அப்டேட் வேண்டாம், டேட்டாபேஸ் வேண்டாம், ஹக் பண்ணப் பூருறதுக்கு பிளகினும் இல்ல. கிட்ஹப் பேஜஸ் எண்ட, எச்டிஎம்எல் பைலுகளை ஏத்தி வைக்கிற சேவையில இலவசமா வைக்கலாம், கார்ட் கேக்காது, விளம்பரம் போடாது, சைட் 1 ஜிபிக்குள்ள இருக்கோணும், உங்களுக்கு அது தாராளம். ஆனா பிஎச்பி ஓடாது, அதை விளங்கிக்கொள்ளுங்கோ, படிச்ச பிஎச்பியை வேற இடத்துக்கு வையுங்கோ. 4 ஜிபி ராமில கோட் எழுதுற விஎஸ் கோட் இழுபட்டா நோட்பேட் பிளஸ் பிளஸ் காணும். எழுதுறதுக்கு நெட்டும் தேவையில்ல, பைலை பிரவுசரில திறந்து பாத்துப் பாத்துச் செய்து, முடிஞ்சாப் பிறகு மட்டும் டேட்டாவைப் போட்டு ஏத்துங்கோ. விக்ஸும் கூகுள் சைட்ஸும் எண்டா எடிட் பண்ணிற நேரம் முழுக்க நெட்டில நிக்கோணும்.

சில விசயம் இப்பவே மனசில வையுங்கோ. விண்டோஸில பெரிய எழுத்துச் சின்ன எழுத்து வித்தியாசம் பாக்காது, கிட்ஹப்பில பாக்கும், அதால வீட்டில தெரிஞ்ச போட்டோ ஏத்தினாப் பிறகு தெரியாமப் போகும், பைல் பேர் எல்லாம் சின்ன எழுத்தில இடைவெளி இல்லாம வையுங்கோ. பக்கத்தின்ர விலாசத்தையும் இங்கிலீஷ் எழுத்தில வைக்கிறது நல்லம். தமிழில வைக்கலாம் தான், ஆனா கொப்பி பண்ணி அனுப்பேக்க ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தா விரியும், இரணைமடு எண்ட ஒரு சொல்லே 63 எழுத்து நீளத்துக்கு வரும், வட்ஸப்பில அதைப் பாத்தா வைரஸ் லிங்க் எண்டு ஆக்கள் தொட மாட்டினம். தலைப்பும் உள்ளுக்கு எழுதுறதும் முழுக்கத் தமிழில இருக்கட்டும். பைலின்ர மேல, எழுத்து முறையைச் சொல்லுற யூடிஎப் 8 எண்ட வரியை மறக்காதேங்கோ. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எடுங்கோ, வரிக்கு வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோ, தமிழில மேலயும் கீழயும் கொம்பும் சுழியும் வாறபடியா இங்கிலீஷுக்கு வைச்ச இடைவெளி நெருக்கமாத் தெரியும்.

போட்டோவை போனில எடுத்தபடி ஏத்தவே வேண்டாம். ஒரு படம் 4, 5 எம்பி இருக்கும், ஒரு பக்கத்தில ஆறு படம் எண்டா பாக்கிற ஆளின்ர டேட்டா போயிடும், ஒட்டுசுட்டானுக்கு உள்ள சிக்னல் ஒரு கோடு நிக்கிற இடத்தில பக்கம் திறக்கவே திறக்காது. ஸ்குவூஷ் எண்டு கூகுளின்ர இலவசக் கருவி இருக்கு, அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைச்சா 200 கேபி அளவில வந்திடும்.

பரந்தன் வெப்காரன்

தம்பி சொல்லுறது எல்லாம் சரி, ஆனா ரீச்சர் கேட்ட கேள்விக்கு மறுமொழி இல்லையே. பிள்ளை போனாப் பிறகு தண்ணி மட்டத்தை ஆர் மாத்துறது? செயலாளர் கிட்ஹப்புக்குள்ள போய் பைல் திருத்துவாரோ? மாரியில நாளுக்கு நாள் மாறுற கணக்கு அது.

வவுனியா கம்பஸ் பெடியன்

அண்ணை அதை வேறயாக்கலாம். மாறாத விசயம், குளத்தின்ர வரலாறு, ஆறு, துருசு, கதை, அது எச்டிஎம்எல்லில. மாறுற தண்ணிக் கணக்கு மட்டும் ஒரு கூகுள் ஷீட்டில. ஷீட்டை வெப்பில பப்ளிஷ் பண்ணினா ஒரு எம்பெட் கோட் தரும், அதைப் பக்கத்துக்குள்ள ஒட்டினாச் சரி. செயலாளர் போனில ஷீட்ஸ் அப்பில இலக்கத்தை மாத்த, கொஞ்ச நேரத்தில சைட்டிலயும் மாறும். அவர் எச்டிஎம்எல் பக்கமே வரத் தேவையில்ல.

பரந்தன் வெப்காரன்

அது நல்ல யோசினை, எனக்குச் சம்மதம். அப்பிடியெண்டா கிட்ஹப் பாஸ்வேர்டையும் ரெண்டாம் கட்டச் சரிபார்ப்புக்குத் தாற ரிக்கவரி கோட்டையும் ஒரு கொப்பியில எழுதி வீட்டில ஒருத்தரிட்டக் குடுத்து வையுங்கோ தங்கச்சி. போன் துலைஞ்சா சைட்டுக்குள்ள போக வேற வழி இருக்காது.

துணுக்காய் ரீச்சர்

ஷீட் யோசினை எனக்கும் பிடிச்சிருக்கு, கூகுள் சைட்ஸ்தான் வேணும் எண்டு இனி நான் நிக்கேல்ல. ஆனா தண்ணி மட்டத்தில ஒண்டு சொல்லியே ஆகோணும். இலக்கத்துக்குப் பக்கத்தில திகதியும் நேரமும் கட்டாயம் வரோணும், பெரிய எழுத்தில. 2018 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒரு ராவுக்குள்ள குளம் நிரம்பி வான் பாய்ஞ்சு வீடு வாசல் எல்லாம் தண்ணிக்குள்ள. செயலாளர் ரெண்டு நாள் மாத்த மறந்திட்டார் எண்டு வையுங்கோ, உங்கட சைட்டில பழைய இலக்கம் நிக்கும், அதைப் பாத்திட்டு ஆரும் பயமில்லை எண்டு வீட்டில படுத்திருந்தா என்ன ஆகும்? அதால அந்தப் பெட்டிக்கு மேலயே எழுதுங்கோ, இது எங்கட அமைப்பு எடுத்த அளவு, எச்சரிக்கைக்கு நீர்ப்பாசனத் திணைக்களம் சொல்லுறதைக் கேளுங்கோ, அவசரமெண்டா அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ர 117 க்கு அடியுங்கோ எண்டு.

வரலாறு தேட நூலகம் டொட் ஓர்க்கைப் பாருங்கோ, 2005 இல இருந்து ஈழத்துப் புத்தகம் சஞ்சிகையளைச் சேர்த்து வைச்சிருக்கினம், வன்னியைப் பற்றியும் கிடைக்கும். எந்தப் புத்தகத்தில எடுத்தது எண்டு பக்கத்தின்ர அடியில எழுதுங்கோ. ஆரும் சொன்ன கதை எண்டா சொன்ன கதை எண்டே போடுங்கோ, வரலாறோட கலக்க வேண்டாம்.

விசுவமடுப் பிள்ளை

எல்லாருக்கும் சரியான நன்றி. அப்ப கையால எச்டிஎம்எல், கிட்ஹப் பேஜஸ், தண்ணிக்கு மட்டும் ஷீட். 117 ஐ ஒவ்வொரு பக்கத்திலயும் மேல போடுறன் ரீச்சர், தண்ணிப் பெட்டியோட மட்டும் இல்லாம. முதல்ல உடையார்கட்டு ஒரு பக்கத்தை மட்டும் முழுசாச் செய்து இஞ்ச லிங்க் போடுறன், சிக்னல் குறைஞ்ச இடத்தில இருக்கிற ஆராவது திறந்து பாத்து எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு சொல்லுங்கோ, அதைப் பாத்துத்தான் மற்றக் குளங்களுக்குப் போறது.

துணுக்காய் ரீச்சர்

போடுங்கோ பிள்ளை, எங்கட பள்ளிக்கூடப் பக்கம் சிக்னல் அப்பிடித்தான், பிள்ளையளின்ர போனிலயே திறந்து பாத்துச் சொல்லுறன். வவுனிக்குளத்துக்கு வரேக்க சொல்லுங்கோ, பாலியாத்துப் பக்கம் பழைய கமக்காரர் ரெண்டு மூண்டு பேரை எனக்குத் தெரியும்.