புதுப்பிப்பு: முல்லைத்தீவுப் பழைய வளவு – கூத்துக்களரிதான் கைகொடுத்தது

காடுபத்திக் கிடந்த எங்கட பழைய வளவை ஊர்ச்சனத்தோட சேர்ந்து எப்படித் திருத்துறது எண்டு கேட்டிருந்தன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலிச்சது, 'கோவலன் கூத்து (கோவலன் கண்ணகி கதையை ஆடுற நாட்டுக்கூத்து) அங்கயே பழகுங்கோ' எண்டு ஒரு அண்ணை சொன்னதுதான். வட்டக்களரிக்கு, அதாவது கூத்தாடுற வட்டமான களத்துக்கு எண்டவுடன கூலி கேக்காமல் சனமே நிலத்தைத் துப்புரவாக்கிச்சுது. கண்ணிவெடி அகற்றி விடுவிச்ச காணிதானா எண்டு பிரதேச செயலகத்தில விசாரிச்சுப்போட்டுத்தான் மண்வெட்டி எடுத்தனாங்கள். போர் நடந்த வன்னியில அது முக்கியம். பாதீனியம் எண்ட களையைப் பூக்க முதல், கையுறை போட்டு வேரோட பிடுங்கினனாங்கள். மழைக்குத் திரும்ப முளைக்குது, ஒரு செடியே ஆயிரக்கணக்கில விதை போடுமெல்லோ.

எதிர்பாராதது மதில். பிள்ளையள் எமல்சன் பெயின்றில வரைஞ்ச படம் உரிஞ்சு விழுந்துது. அந்தப் பெயின்ற் மூடினதால பழைய சுண்ணாம்புச் சாந்தின்ர ஈரம் வெளிய போக வழியில்லை. இப்ப சுண்ணாம்பில காவி கலந்து பூசினது நிக்குது. புளியடிப் பக்கம் இன்னும் தொடேல்லை.