பீடித் தெருவில் நான் கற்ற பொதுச் சுகாதாரம்

பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்க விரும்பும் நம் நெல்லைப் பிள்ளைகள் சிலர், அதில் என்னதான் சொல்லித்தருகிறார்கள் என்று கேட்டிருந்தார்கள். என் களப்பணியில் நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும் என்று நினைக்கிறேன்.

விலங்கியல் இளங்கலை முடித்து அந்த இரண்டாண்டுப் படிப்பில் சேர்ந்தபோது, அது மருத்துவப் படிப்பின் சுருக்கமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். முதல் பருவமோ, நோய் யாருக்கு, எங்கே, ஏன் பரவுகிறது என்று ஆராயும் நோய்ப்பரவலியலும், உடல்நலத் தரவுகளைக் கணக்கிட்டுப் பார்க்கும் உயிர்ப்புள்ளியியலுமாகவே கழிந்தது. 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது, இறந்தவர்களின் வீடுகள் ஓர் அடிகுழாயைச் சுற்றியே நெருங்கியிருந்ததை மருத்துவர் ஜான் ஸ்னோ கண்டறிந்து வரைபடத்தில் காட்டிய வரலாற்றைப் பாடத்தில் படித்தபோதும், அது எங்கோ நடந்த கதையாகத்தான் தோன்றியது.

இரண்டாம் ஆண்டில் தாமிரபரணிக் கரையை ஒட்டிய ஒரு சிற்றூருக்குக் கொசுப்புழுக் கணக்கெடுப்புக்குச் சென்றோம். 2012இல் நம் மாவட்டத்தையும், அப்போது இதனுடன் இருந்த கடையநல்லூரையும் டெங்கு வாட்டியெடுத்ததைப் பள்ளி வயதில் பார்த்தவள் என்பதால், அந்தப் பணியை நானாகவே கேட்டு வாங்கியிருந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஆச்சி, கை நிற்காமலேயே கொல்லைப்புறத்தைக் காட்டினார். அங்கிருந்த சிமெண்டுத் தொட்டியில் டார்ச் ஒளி பட்டதும், மேலே தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கின. தண்ணீரைக் கொட்டிவிடச் சொன்னேன்.

“நாலு நாளைக்கு ஒருக்கதான் தண்ணி வருது. எல நனைக்கவும் இதான், பொங்கிக் குடிக்கவும் இதான். சேத்து வைக்காம என்னம்மா செய்யச் சொல்லுத?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை.

அன்று பார்த்த 40 வீடுகளில் 6 வீடுகளில் புழு இருந்தது. அதாவது, நூற்றுக்கு எத்தனை வீடுகளில் புழு இருக்கிறது என்று சொல்லும் வீட்டுக் குறியீடு 15. அந்த 6 வீடுகளையும் தெருப் படத்தில் குறித்தபோது, அனைத்தும் குழாயின் கடைக்கோடியில், தண்ணீர் மிகக் குறைவாக வரும் பக்கத்தில் இருந்தன. ஸ்னோவின் வரைபடம் எனக்குப் புரிந்தது அப்போதுதான். ஆச்சி அசட்டையாக இருக்கிறார் என்று குறிப்பேட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, குடிநீர் வரும் இடைவெளியை ஒவ்வொரு வீட்டிலும் கேட்கத் தொடங்கினேன். 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் குடிநீர் வழங்கலுக்கெனத் தனி அத்தியாயம் ஏன் இருக்கிறது என்பதும் அதன்பின் யாரும் விளக்காமலே விளங்கியது.

மறுமுறை சென்றபோது கொட்டச் சொல்லவில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டியபடி, தண்ணீர் இல்லாமலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும் என்பதால், தண்ணீர் வருவதற்கு முந்தைய மாலையில், தொட்டி வற்றியிருக்கும் நேரத்தில், தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்துக் கழுவும்படி கேட்டுக்கொண்டோம். ஆச்சி அதற்கு உடனே இசைந்தார். பழைய வேட்டியைக் கிழித்து டிரம்முக்கு வாய்க்கட்டும் கட்டியிருந்தார்.

சேரப்போகிறவர்கள், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் களப்பணி எத்தனை வாரம், எந்த ஊர்களில் என்று கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.